எல்லை தாண்டிப் போகும் சரஸ்வதி

திருவனந்தபுரத்தை எல்லாரும் சங்கீத நகரம் என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த ஊர் சங்கீதத்தில் பாதிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்தது. சிலது மாட்டு வண்டியில் வந்தது, சிலது பல்லக்கில் வந்தது, ஒன்று மட்டும் இன்றைக்கும் வருஷா வருஷம் யானை மேல் வருகிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ராஜா கதை. சுவாதி திருநாள் 1813இல் பிறந்தார். அவர் பிறக்கும்போது அம்மா கௌரி லட்சுமி பாய்தான் ஆட்சியில் இருந்தார். பிறகு சித்தி கௌரி பார்வதி பாய் பொறுப்பு அரசியாக இருந்து, 1829இல் பதினாறு வயதுப் பையனிடம் ராஜ்யத்தை ஒப்படைத்தார். 1846இல், 33 வயதில், சுவாதி திருநாள் இறந்துவிட்டார். நடுவில் இருந்தது பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் அரண்மனைக்கு வந்து சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தஞ்சாவூரிலிருந்து மராத்தி ஹரிகதை சொல்லும் மேருசாமி. தியாகராஜரின் சீடர் கன்னையா பாகவதர். பாலக்காட்டிலிருந்து பரமேசுவர பாகவதர். தஞ்சாவூரிலிருந்து நால்வர், அதாவது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு அண்ணன் தம்பிகள்.

இந்த நால்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முத்துசாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கு எந்த ஊர் மேடையில் பரதநாட்டியம் பார்த்தாலும் ஒரு வரிசை வருகிறதே, அதை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள்தான். தஞ்சை அரண்மனையோடு மனக்கசப்பு ஏற்பட்டு 1830களின் தொடக்கத்தில் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். திருவனந்தபுரத்தில் இளைய ராஜா இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார். பின்னால் சின்னையா மைசூர் போனார், பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சாவூருக்கே திரும்பினார்கள். கடைக்குட்டி வடிவேலு மட்டும் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டார்.

வடிவேலுவின் கையில் இருந்தது வயலின். வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய முதல் தலைமுறையில் அவர் ஒருவர் (இன்னொருவர் தீட்சிதரின் தம்பி பாலுசாமி). 1834இல் சுவாதி திருநாள் அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த ஒரு வயலினைப் பரிசாகக் கொடுத்தார். ஒரு வாத்தியம் இங்கிலாந்திலோ இத்தாலியிலோ பிறந்து, கும்பினிக்காரர்களோடு கப்பல் ஏறி சென்னைக்கு வந்து, காவிரிக்கரைக்காரர் தோளில் ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, அங்கே தந்தத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்து பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. ஷட்கால கோவிந்த மாரார், மூவாற்றுப்புழை பக்கத்தில் ராமமங்கலத்துக்காரர், 1798இல் பிறந்தவர். கோயில் வாசலில் இடைக்கா கொட்டிப் பாடும் மாரார் சமூகம். ஒரே பல்லவியை ஆறு காலத்தில் பாடுவார் என்பதால் ஷட்காலம் என்று பட்டம். அவர் கையில் ஏழு தந்தித் தம்புரா. திருவனந்தபுரத்தில் அரண்மனை ஆதரவு இருந்தும் ஒரு இடத்தில் நிற்காமல் கிளம்பினார். திருவையாற்றில் தியாகராஜரின் வீட்டுக்குப் போய் ஜெயதேவரின் அஷ்டபதியை ஆறு காலத்திலும் பாடிக் காட்டினார் என்பார்கள். அதைக் கேட்டுத்தான் தியாகராஜர் "எந்தரோ மகானுபாவுலு" பாடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை, ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கோவிந்த மாரார் பிறகும் வடக்கே நடந்துகொண்டே போய் 1843இல் பண்டரிபுரத்தில் இறந்தார். மூவாற்றுப்புழை எங்கே, பண்டரிபுரம் எங்கே!

நம் ஆள் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். பாபநாசம் சிவன். தஞ்சாவூர் ஜில்லா போலகத்தில் 1890இல் பிறந்த ராமையா. அப்பா இறந்தபின் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 1899இல் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அந்தப் பையன் அங்கே மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் படித்தான், மலையாளம் கற்றான், நீலகண்ட சிவனின் பஜனைப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தான். 1910இல் அம்மாவும் போய்விட, எந்தப் பிடிமானமும் இல்லாமல் கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு அலைய ஆரம்பித்தார். "தமிழ்த் தியாகராஜர்" என்று பின்னாளில் பெயர் வாங்கியவரின் பாட்டுக்கு விதை போட்டது ஒரு மலையாள ஊர்.

இப்படி வருவதும் போவதுமாக இருந்த ஊரில் ஒரே ஒரு மண்டபத்துக் கதவு மட்டும் சிலருக்கு ரொம்ப காலம் திறக்கவே இல்லை. விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். தக்கலைக்குப் பக்கத்தில், நாகர்கோவில் போகும் வழியில் இருக்கிறது. அந்த அரண்மனைக்குள் ஒரு சரஸ்வதி கோயில் உண்டு. அங்கே இருக்கும் விக்கிரகம் கம்பர் பூஜித்தது என்பது ஐதீகம். 1790களில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ராஜா போகலாம், கஜானா போகலாம், சரஸ்வதியை நிரந்தரமாகப் பெயர்க்க முடியுமா? அதனால் ஒரு ஏற்பாடு. வருஷம் ஒரு முறை நவராத்திரிக்கு அம்மன் திருவனந்தபுரம் போய், ஒன்பது நாள் கொலுவிருந்து, திரும்ப ஊருக்கு வந்துவிடுவாள். துணைக்கு வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் போவார்கள்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலப் பிரிவினையில் பத்மநாபபுரமும் சுசீந்திரமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவனந்தபுரம் கேரளாவுக்குப் போனது. (அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. அது ஒரு தனி வேடிக்கை.) ஆகவே அன்றிலிருந்து இந்த மூன்று தெய்வங்களும் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள். ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்வார்கள், குழித்துறையில் ஒரு ராத்திரி, களியக்காவிளையில் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கல், பிறகு திருவனந்தபுரம். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். சின்ன வயதில் தக்கலை ரோட்டோரம் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போது எங்களுக்கு யானைதான் முக்கியம். யானை மேலே யார், எங்கே, எதற்குப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

போகிற இடம் கோட்டைக்குள், பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது நாளும் சாயங்காலம் கச்சேரி. இந்தக் கச்சேரிக்கென்றே சுவாதி திருநாள் ஒன்பது கிருதிகள் இயற்றினார். முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. இன்ன நாளுக்கு இன்ன ராகம், மாற்ற முடியாது. கச்சேரி ஆரம்பிக்கும் முன் முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவார்கள். அதன்பின் அன்றைய வித்வான். சட்டை கிடையாது, வேட்டிதான். சபாவில் பாடுவதைப் போல ஜனங்களைப் பார்த்துப் பாடும் இடம் இது அல்ல. கேட்பவள் சரஸ்வதி. ஆகவே கை தட்டக் கூடாது. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், ராகத்தை உருக்கி ஊற்றினாலும், முடிந்ததும் நிசப்தம்தான். சிந்து பைரவியில் ஒரு நாள், திரை இசையில் ஒரு நாள் என்று வண்டி ஓட்டும் இந்தக் காலத்தில் இதைக் கேட்கவே ஆச்சரியமாக இருக்கிறது.

1939இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் சங்கீத அகாடமி ஒன்று தொடங்கினார்கள். இன்றைக்கு சுவாதி திருநாள் இசைக் கல்லூரி என்று பெயர். முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், திருநெல்வேலிச் சீமைக்காரர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை. அதற்குப் பின் ஜி.என்.பி., 1965இல் இறக்கும் வரை. மூன்று பேருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். வாய்வழியாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த சுவாதி திருநாள் பாட்டுகளைத் தேடி, சுரப்படுத்தி, அச்சேற்றி, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததில் முத்தையா பாகவதருக்கும் செம்மங்குடிக்கும் பெரிய பங்கு.

அந்த அகாடமியில் சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். 1924இல் பிறந்தவர். கானபூஷணம் படிப்பில் முதலிடம். பிறகு அதே அகாடமியில் பாடம் சொல்லிக் கொடுத்த முதல் பெண். பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வர். எங்கே போனாலும் "முதல் பெண்" என்றே ஒரு வாழ்க்கை. தான் படித்த, பின்னால் பாடம் நடத்திய கல்லூரி யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ராஜாவின் ஒன்பது கிருதிகளையும் கரைத்துக் குடித்தவர். ஆனால் அந்தக் கிருதிகள் எந்த மண்டபத்துக்காக எழுதப்பட்டனவோ அங்கே பாட அவருக்கு இடமில்லை. காரணம் வேறொன்றும் இல்லை. நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவது வழக்கமில்லை.

இங்கே வரைபடத்தை எடுத்துக் கொஞ்சம் பாருங்கள். களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற ரோட்டில் நடுவில் ஒரு ஊர் வரும். அதுதான் பாறசாலை. அதாவது சரஸ்வதி ஒவ்வொரு வருஷமும் பொன்னம்மாளின் ஊர் வழியாகத்தான் பாட்டுக் கேட்கப் போனாள்! பெண் தெய்வம், பெண்கள் பண்டிகை, ஒன்பது பாட்டும் அம்மன் மேல். பாட மட்டும் ஆம்பிளை.

எம்.எஸ்., எம்.எல்.வி., டி.கே.பட்டம்மாள் யாருக்குமே அந்த மண்டபத்தில் பாடக் கொடுத்து வைக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் 1966இல் பாடிய எம்.எஸ். இங்கே பாட முடியவில்லை.

இதை வெறுமனே "பழங்கால மடமை" என்று சொல்லித் தள்ளிவிட்டால் சரித்திரம் புரியாது. தென் திருவிதாங்கூர்க் கோயில்களில் பெண்கள் பாடாமல் இல்லை. சுசீந்திரத்தில் தேவதாசிகள் தலைமுறை தலைமுறையாக சாமி முன்னால் ஆடியும் பாடியும் வந்தார்கள். சேது லட்சுமி பாய் அரசி 1930இல் அந்த முறையை நிறுத்தினார். பாட்டைத் தொழிலாக வைத்திருந்த பெண்களைக் கௌரவம் இல்லாதவர்கள் என்று ஊர் முத்திரை குத்தியது. கௌரவமான வீட்டுப் பெண்கள் என்றால் வெளியே பாடக் கூடாது என்றது. இரண்டு பக்கமும் பூட்டு. முதல் கூட்டத்திடமிருந்து மேடையைப் பிடுங்கிக்கொண்டார்கள், இரண்டாவது கூட்டத்துக்கு மேடையைக் காட்டவே இல்லை. 1936 நவம்பர் 12ஆம் தேதி சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவு திறந்தது. இந்தியாவே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே கோட்டைக்குள் பெண் குரலுக்கு இன்னும் எழுபது வருஷம் காத்திருக்க வேண்டி இருந்தது.

பெண்கள் எங்கேதான் பாடினார்கள்? கல்யாண வீட்டில். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, லாலி, சம்பந்தி கேலி. எங்கள் பக்கத்தில் பாடத் தெரிந்த அத்தை, சித்திகளை கல்யாணத்துக்கென்றே பஸ் அனுப்பிக் கூட்டிவருவார்கள். அவர்களும் சஞ்சாரக் கலைஞர்கள்தான். பெயர்தான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடையாது.

கல்யாணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சில வருஷங்களுக்கு முன் விடுமுறையில் போயிருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு நண்பனின் திருமணம். அவன் பஹாய் சமயத்தைச் சேர்ந்தவன். பஹாய் கல்யாணத்தில் புரோகிதர் கிடையாது, ஏனென்றால் அந்தச் சமயத்தில் புரோகிதர் என்ற வர்க்கமே கிடையாது. இரண்டு பேரின் சம்மதம், இரண்டு பக்கத்துப் பெற்றோரின் சம்மதம், இரண்டு சாட்சி, ஒரு வரி உறுதிமொழி. அவ்வளவுதான் கட்டாயம். மீதியெல்லாம் அவரவர் விருப்பம். அன்றைக்குப் பல மத நூல்களிலிருந்து பிரார்த்தனைகள் வாசித்தார்கள். பிறகு யாராவது பாடுங்கள் என்றார்கள். முதலில் எழுந்தது ஒரு வயதான அம்மா. தம்புரா கூட இல்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை, நீ யார், என்ன மதம், ஆணா பெண்ணா என்று. எனக்கு அது கொஞ்சம் புதிதாக இருந்தது.

பிறகு படித்துப் பார்த்ததில், அந்தச் சமயத்தின் வழிபாட்டு இல்லங்களுக்குள் வாத்தியமே கூடாது, மனிதக் குரல் மட்டும்தான் என்று தெரிந்தது. டில்லியில் 1986 டிசம்பரில் திறந்த தாமரைக் கோயிலுக்கு ஒன்பது வாசல். எந்த வாசல் வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டுப்பாடு இல்லாமல் இல்லை, பாருங்கள். அங்கேயும் ஒரு "கூடாது" இருக்கிறது. ஆனால் அது பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய கட்டுப்பாடு. பாடுகிறவர் யாராகப் பிறந்தார் என்பதைப் பற்றியது அல்ல. நவராத்திரி மண்டபத்திலும் கை தட்டாதே, ராகத்தை மாற்றாதே என்பதெல்லாம் முதல் வகை. அதில் எனக்கு மரியாதை உண்டு. பெண் பாடக் கூடாது என்பது இரண்டாம் வகை. இரண்டையும் "சம்பிரதாயம்" என்ற ஒரே சாக்கில் கட்டி வைத்திருந்ததுதான் கோளாறு.

அந்தச் சாக்கை அவிழ்த்தது 2006இல். அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் தானே பாடகருமான இளவரசர் ராம வர்மா முன்நின்றார். எண்பதைத் தாண்டிய பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார். ஒன்பது ராகமும் அப்படியே இருந்தன. விளக்கு அப்படியே எரிந்தது. அகாடமியில் சேர்ந்த சின்னப் பெண் அந்த மண்டபத்துக்கு வந்து சேர அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தூரம் என்று பார்த்தால் அதே ஊர்தான். கோவிந்த மாரார் பண்டரிபுரத்துக்கு நடந்ததை விட இது நீண்ட பயணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன்பின் வேறு பெண்களும் அங்கே பாடியிருக்கிறார்கள். 2017இல் பொன்னம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021 ஜூனில், 96 வயதில் காலமானார்.

அதே 2017இல் பத்மவிபூஷண் வாங்கியவர் கே.ஜே.யேசுதாஸ். கிறிஸ்தவராகப் பிறந்தவர், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். குருவாயூரப்பன் மேல் அவர் பாடிய பாட்டு ஒலிக்காத கோயில் கேரளாவில் இல்லை, ஆனால் குருவாயூர் கோயிலுக்குள் அவருக்கு இடமில்லை என்பது ஊரறிந்த கதை. அந்த வருஷம் செப்டம்பரில், தனக்கு இந்து மதத்தில் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கொடுத்து அவர் கேட்டபோது, பத்மநாபசாமி கோயில் நிர்வாகம் தரிசனத்துக்கு அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அத்தனை வருஷம் பாடியது போதாமல், எழுதியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தந்த வயலினோடு வடிவேலுவை அரண்மனைக்குள் உட்கார வைத்த ஊர் அது. தஞ்சாவூர்க்காரன், மராத்திக்காரன், பாலக்காட்டுக்காரன் என்று பார்க்காமல் பாட்டைப் பார்த்த ராஜா வாழ்ந்த ஊர். அந்த மனசுதான் அங்கே மூத்த சம்பிரதாயம். பூட்டுக்கு எவ்வளவு பழமை உண்டோ, திறந்த கதவுக்கும் அங்கே அவ்வளவு பழமை உண்டு. சம்பிரதாயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் எதைக் காப்பாற்றுவது என்று முதலில் தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

புரட்டாசி மாதம் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், ஊர்வலம் களியக்காவிளை தாண்டும் நாளை விசாரித்துப் பாருங்கள். முடிந்தால் அடுத்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குள் கிழக்கே கோட்டைக்குள் போய் மண்டபத்துக்கு அருகில் ஒரு இடம் பிடித்து உட்காருங்கள். யார் பாடினாலும், எவ்வளவு நன்றாகப் பாடினாலும், கை மட்டும் தட்டிவிடாதீர்கள்.